மெடிக்கலுக்கு ஒரு டியூஷன்

1. எல்லாருக்கும் ஒரே விடை

"இருமல் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். பையன் கதிரையை விட்டு எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"இல்லை மிஸ். கடந்த ஆறு மாத காலத்தில் இருமல், சளி, இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகிய எதுவும் எனக்கு ஏற்படவில்லை."

என் ஆயுளில் எந்த நோயாளியும் இவ்வளவு சுத்தமாகப் பதில் சொன்னதில்லை. அடுத்து வந்தவனும் எழுந்து நின்று அதையே சொன்னான். அவனுக்குப் பின்னால் வந்த பிள்ளை, "கடந்த ஆறு மாத..." என்று தொடங்கி நடுவில் நின்றுவிட்டாள். சீலிங்கைப் பார்த்தாள். பிறகு, "மிஸ், ஒரு க்ளூ குடுங்க" என்றாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பென்ஷன் வாங்கிய பிறகு, கண்டி டவுனில் உள்ள ஒரு தனியார் மெடிக்கல் சென்டரில் நர்ஸாக இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள்தான் எங்களுக்கு வருகிறவர்கள். இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, பிரஷர், கண், தடுப்பூசி கார்ட் எல்லாம் பார்த்து டொக்டர் கையெழுத்து வைத்தால்தான் விசா வேலை நகரும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கச்சிமாருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

அன்று ஹோலில் தாய்மார் பிள்ளைகளின் நெற்றியில் விபூதி பூசி, பென்சில் பெட்டியோடு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குப் பிரஷர் நூற்றிருபது. அவன் அதைச் சொன்னதும், பக்கத்துக் கதிரைப் பையன் தனக்கு நூற்றிமுப்பது என்றான். நூற்றிருபதுக்காரனின் தாய் நேராக என்னிடம் வந்தார்.

"மிஸ், இவனுக்கு இன்னொரு தடவை பாருங்க. அந்தப் பையன விட இவன் நல்லாப் படிக்கிறவன்."

விசாரித்ததில் க்ளூ கேட்ட பிள்ளை விஷயத்தைக் கக்கினாள். கெமிஸ்ட்ரி படிப்பித்த சேர் ஒருவர், பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போவதைப் பார்த்து, 'மெடிக்கல் ரிவிஷன்' என்று கிளாஸ் தொடங்கியிருக்கிறார். எங்களிடம் மெடிக்கல் செய்துவிட்டுப் போகிறவர்களை குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பிடித்து, "என்ன கேட்டாங்க?" என்று விசாரித்து, பழைய வினாத்தாள் மாதிரி பாஸ்ட் பேப்பர் தயாரிப்பாராம். எக்ஸ்ரேக்கு மூச்சை அடக்கப் பயிற்சி. சிறுநீருக்கு மொடல் பரீட்சை. எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

2. வாத்து

மழைக் காலத்தில் எங்கள் சுவர் ஒழுகி, கண் பார்க்கும் எழுத்து சார்ட் ஊறிப்போனது. புதியது வரும் வரைக்கும் என்று, சின்னப் பிள்ளைகளுக்கான பட சார்ட்டை எடுத்து மாட்டினேன். வீடு, குடை, மீன், கடைசி வரியில் சின்னதாக ஒரு வாத்து.

அன்றைக்குத்தான் தர்ஷினி வந்தாள். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. கூட வந்த தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். நர்ஸிங் படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் மெடிக்கல் ரிப்போர்ட் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"ஒரு கண்ண மூடிட்டு வாசிங்க" என்றேன்.

"ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்..."

மூச்சு விடாமல் ஓடினாள். கடைசி வரியையும் முடித்து, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் ஒப்பித்தாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் அக்குறணைக்காரர், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார்; சோடாப் போத்தல் கண்ணாடி போட்ட நல்ல மனிதர்.

"புள்ள, அதுல எழுத்தே இல்ல. வாத்துதான் ஈக்கிது."

தர்ஷினியின் கை கண்ணை விட்டு இறங்கியது. சுவரையே பார்த்தாள். அங்கே அவளுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக் கடதாசி மட்டும்தான்.

"மிஸ், பெயில் ஆக்கிறாதீங்க. கண்ணாடி போட்டா ரிஜெக்ட்னு சேர் சொன்னாரு."

"ஒங்கட சேர் கண்ணாடி போடுறல்லயா?" என்று டொக்டர் கேட்டார்.

"போடுவாரு டொக்டர். ரெண்டு வச்சிருக்காரு."

"அப்ப ஸ்கூல்ல போர்ட்ல எழுதினது எப்படி தெரிஞ்சிச்சு?" என்றேன்.

"தெரியாது மிஸ். டீச்சர் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லுவாங்க. அத கேட்டு எழுதிக்குவேன்."

காதாலேயே ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறாள். இத்தனை வருஷமாக ஒருவரும் அவளிடம் கண் தெரிகிறதா என்று கேட்கவில்லை.

"கண்ணாடி போட்டுட்டு வாசிச்சா அதுவும் பாஸ்தான். இத ஒளிக்கிறதுக்கு என்ன ஈக்கி?" என்று டொக்டர் கண்ணாடிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தாயையும் மகளையும் த்ரீவீலில் ஏற்றி, தெரிந்த கண்ணாடிக் கடைக்கு நானே கூட்டிப் போனேன். கடைக்காரரை நச்சரித்து அன்று பின்னேரமே கண்ணாடியை வாங்கிவிட்டோம்.

திரும்பி வந்து கண்ணாடியோடு சுவருக்கு எதிரே நின்றவள் வாயைத் திறக்கவே பயந்தாள். பிறகு மெதுவாகத் தொடங்கினாள்.

"வீடு. குடை. மீன். கோழி."

"வாத்து" என்று டொக்டர் திருத்தினார்.

"இல்லிங்க டொக்டர், கோழி. கொண்டை இருக்கு."

டொக்டர் எழுந்து சுவரருகே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுப் பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். கொண்டை இருந்தது. டொக்டர் திரும்பி வந்து தர்ஷினியின் ரிப்போர்ட்டில் கையெழுத்து வைத்தார். பிறகு இன்னொரு துண்டை எடுத்து அதே கண்ணாடிக் கடைக்குத் தன் பெயரை எழுதினார்.

ரிப்போர்ட் அன்றே போனது. தர்ஷினியும் வெளிநாடு போய்விட்டாள். இப்போது அங்கே வார்டில் வேலை பழகுகிறாளாம்.

3. நான் கற்றது

அடுத்த வாரம் புதிய எழுத்து சார்ட் வந்தது. மாட்டிவிட்டு முதல் பையனைக் கூப்பிட்டேன். ஒரு கண்ணைப் பொத்தி, நிமிர்ந்து நின்று, முழு நம்பிக்கையோடு சொன்னான்.

"வீடு. குடை. மீன். கோழி."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். கண் தெரிகிற பிள்ளை எழுத்தைப் பார்த்து மீன் என்று சொல்லாது. அவனுக்கும் டொக்டரிடம் ஒரு துண்டு வாங்கிக் கொடுத்து, கண்ணாடிக் கடைக்கு வழி சொன்னேன்.

தங்கச்சிமாரே, மெடிக்கல் பரீட்சை இல்லை என்று பிள்ளைகளிடம் எத்தனை தரம் சொன்னாலும் அதையும் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அதனால் நான் இரண்டு சார்ட்டையும் வைத்துக்கொண்டு, காலையில் கைக்கு வந்ததை மாட்டுகிறேன். எது என்று யாருக்கும் சொல்வதில்லை. டொக்டருக்கும்தான்.