ஒன்பதரை வருஷம்

மண்ணூர்பேட்டை கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கிய பர்சனல் லோன் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. ஐந்தாம் தேதி லோன் தவணை. பத்தாம் தேதி, மகளின் கல்லூரிக்காக மனைவி கட்டிவந்த சீட்டு. சீட்டை நிறுத்தலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அன்று முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை.

கேன்டீனில் நண்பர் ஒருவர்தான் வழி சொன்னார். பி.எஃப்பில் ஒரு பங்கு பென்ஷனுக்குப் போகிறது. சர்வீஸ் குறைவாக இருந்தால், வேலையை விட்டபின் அதையும் மொத்தமாக வாங்கிவிடலாம்.

"ஒன்பதரை வருஷம் தாண்டிச்சுன்னா மாட்டிக்கும் மாமே. அப்பால அம்பது, அம்பத்தெட்டு வயசுன்னு கெயவனாயி, மாசாமாசம் சில்லறையாதான் வரும். இப்பவே பேப்பர் போடு. வாரிக்கினு கடனை அடை. வேற கம்பெனியா இல்ல?"

கணக்குப் போட்டேன். நான் சேர்ந்தது ஒரு ஆவணி மாதத்தின் நடுவில். ஒன்பதரை முடிய மாசி நடுவாகும். இரண்டு பங்கும் சேர்ந்தால் லோன் அடைந்து கொஞ்சம் மிஞ்சும். வயதான காலத்துக்கு என்ன என்ற கேள்வியை ஓரமாக வைத்தேன். மார்கழியில் ஒரு திங்கட்கிழமை ராஜினாமா கடிதம் கொடுத்தேன். நோட்டீஸ் ஒரு மாதம். தை முடிவதற்குள் வெளியே வந்துவிடலாம். நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் என்பதால் தேதி விஷயத்தில் எனக்கு என்மேல் சந்தேகமே வந்ததில்லை.

நோட்டீஸின் கடைசி வாரம். வேப்பம்பட்டு வீட்டில் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஏங்க, பட்டரவாக்கத்துல முன்ன வேலை செஞ்சீங்களே, அந்த பி.எஃப்பத்தானே இத்தோட சேத்தீங்க? அந்த வருஷமும் கணக்குல வருதா?"

சேர்த்திருந்தேன். பணத்தைச் சேர்த்தது ஞாபகமிருந்தது. பணத்தோடு இரண்டு வருட சர்வீஸும் வந்துவிடும் என்பது தோன்றவே இல்லை. போனில் பி.எஃப் கணக்கைப் பார்த்தேன். ஒன்பதரையை நான் தாண்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. பென்ஷன் பங்கு வராது. மீதிப் பணம் மட்டும் லோனை அடைக்கக் காணாது.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கடிதம் மேலே போய்விட்டது, என் இடத்துக்கு ஆளும் போட்டாயிற்று என்றார். வேண்டுமானால் அதே ஸ்டோர்ஸில் காண்ட்ராக்டரின் ஆளாக வரலாம், சம்பளம் குறையும், புது ஆளுக்கு உதவியாக இருக்க வேண்டும் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

மனைவி முழுவதையும் கேட்டாள். எவ்வளவு குறையும் என்றாள். சொன்னேன். தவணைக்கும் சீட்டுக்கும் போக அரிசி, கரண்ட் பில் வரை மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"அதுலயும் பி.எஃப் புடிப்பாங்களா?"

"புடிப்பாங்க."

"புடிக்கட்டும்," என்றாள். "போய் சரின்னு சொல்லிட்டு வாங்க. இன்னொருத்தன் வந்துறப் போறான்."