ஜெகதளாவில் உறைபனியை ஒழித்த ஜோதிமணி

பனிக்கும் தனக்கும் இடையில் ஒளிவுமறைவு கிடையாது என்று ஜோதிமணி வெகுகாலம் நம்பியிருந்தாள். அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து, ஏழு வயதுவரை ஸ்வெட்டரைக் கழற்றாமல் குளிக்க முடியுமா என்று அம்மாவிடம் பேரம் பேசியவள், பிற்பாடு லடாக்கில் பதினோரு வருஷம் மண்ணைத் துளைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் ஆராய்ந்தது உறைநிலம். வருஷம் முழுக்க உருகாமல் கல்லாகக் கிடக்கும் மண். பூமி சூடாக ஆக அது எவ்வளவு இளகுகிறது என்று பார்ப்பது வேலை. உறவினர்களுக்கு இதை விளக்கிப் பார்த்தாள். சித்தி ஒருத்தி, "அப்ப ஃப்ரிட்ஜ் ரிப்பேரு மாதிரின்னு சொல்லு" என்று முடித்துவிட்டாள். ஆய்வேட்டில்கூட அவ்வளவு தெளிவாகத் தான் சொன்னதில்லை என்று ஜோதிமணியே ஒத்துக்கொள்வாள்.

நாற்பத்துநான்கு வயதில் முழங்கால் லடாக்குக்கு வர மறுத்ததால், நீலகிரி உறைபனியை அளக்கிறேன் என்று ஊர் திரும்பினாள். ஜெகதளாவில் அழகையாவின் அரை ஏக்கர் நிலத்தில் ஒரு பெட்டியை நட்டாள். புல்லோடு புல்லாக ஒரு வெப்பமானி, மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இன்னொன்று. இரண்டும் சிம்கார்டு வழியாக அவள் போனுக்குத் தகவல் அனுப்பும். அழகையா சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம். எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போன மழைக்காலத்தில்தான் எண்ணூறு தேயிலைக் கன்று வைத்திருந்தார். பெட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, குன்னூரில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சியைத் தொடங்கினாள்.

டிசம்பர் முழுக்க ஒரு நாள்கூடப் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை. ஜனவரி பாதிவரை அப்படியே. ஊட்டியில் மைனஸ் ஒன்று என்று சேதி வந்தபோது, அவர்களுடைய வெப்பமானி பழசாக இருக்கும் என்று ஜோதிமணி இரக்கப்பட்டாள். ஜெகதளாச் சரிவை விட்டு உறைபனி போய்விட்டது என்று ஆறு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விவசாயிகளுக்குக் கருத்தரங்கு என்று அறிவித்து, அதற்கு அறுபது அடி நீளத்தில் ஃப்ளெக்ஸும் அடித்தாள்.

அழகையாவோ தினமும் சாயங்காலம் மேட்டுக் காட்டில் காய்ந்த பெரணிச் செடியை அறுத்துச் சுமந்து வந்து கன்றுகளுக்குப் போர்த்துவார். வெயில் ஏறியதும் எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் ஒரே பனியில் கொழுந்து கருகி, வெயில் பட்டதும் கன்றே போனாலும் போய்விடும். ஒரு மத்தியானம் வந்தபோது அவருடைய அறுபத்தைந்து வயது இடுப்பு கெஞ்சுவதைப் பார்த்து, போனைக் காட்டி, இந்தச் சரிவில் உறைபனியே இல்லை, வீணாகச் சுமக்காதீர்கள் என்று ஜோதிமணி சொன்னாள். அவர் மனைவி ராமாத்தாள் மட்டும், காலையில் நடக்கிற தடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறதே, யாராவது உப்பா கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டாள். அது வெறும் பனித்துளி என்று ஜோதிமணி விளக்கினாள். பத்து நிமிஷம், படம் வரைந்து. அழகையா கன்றுகளுக்குச் சுமப்பதை நிறுத்தினார். அடுத்த ஐந்து நாளும் மேகமூட்டம். கன்றுகள் பச்சையாக நின்றன. ஜோதிமணியும் நிமிர்ந்து நடந்தாள்.

ஆறாம் நாள் வானம் துடைத்தாற்போல் இருந்தது. பேட்டரி மாற்ற, அவள் முதல்முறையாகச் சாயங்காலம் நாலரைக்குத் தோட்டத்துக்குப் போனாள். பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பெரணிக் குவியல். அழகையா குனிந்து அதன் ஓரங்களை, தூங்குகிற குழந்தைக்குப் போர்வையைச் செருகுவதுபோலச் செருகிக்கொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"பொட்டிக்குப் போத்தறேன் மேடம். அன்னாடம் போத்தி, காலையில எடுத்துருவேன்."

"எப்ப இருந்து?"

"நீங்க வச்ச அன்னைக்கே. நம்ம கன்னு போனா போவுது, ஒங்க பொருளு கருகிறக் கூடாதில்ல?"

ஜோதிமணிக்கு அந்த ஆறு பக்கமும் வரிவரியாகக் கண்முன் ஓடின. டிசம்பரிலிருந்து அவள் அளந்தது நீலகிரியை அல்ல, ஒரு பெரணி மெத்தையின் உள்பக்கத்தை. காற்று அசையவில்லை. இப்படி வானம் தெளிந்தால் விடிவதற்குள் என்ன ஆகும் என்று லடாக் போகாத ராமாத்தாளுக்குக்கூடத் தெரியும்.

"அண்ணா, நான் சொன்னது தப்பு. இன்னைக்குப் பனி விழும். கன்னை மூடணும், எல்லாத்தையும்."

அழகையா வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. சேர்த்து வைத்திருந்த பெரணியைப் பக்கத்து மாட்டுக்கொட்டகைக்குக் கொடுத்துவிட்டதாக மெதுவாகச் சொன்னார். ராமாத்தாள் ஏற்கெனவே அரிவாளோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்முணி, போன்ல பாத்தது போதும், வந்து சொமங்க."

சுமந்தாள். முழங்கால் இருப்பதையே மறந்து, தலையில் பெரணியோடு இரண்டு தடவை சறுக்கி, ஒரு தடவை உட்கார்ந்தபடியே சரிவில் இறங்கினாள். இருட்டு கட்டும்போது மேல்வரிசை இரண்டு பாக்கி. பெரணி தீர்ந்துவிட்டது. ஜீப்பிலிருந்த ஃப்ளெக்ஸை இழுத்து வந்து, 'உறைபனி விடைபெறும் நீலகிரி' என்ற எழுத்து மேலே தெரிய விரித்தாள். ராமாத்தாளுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் பெருந்தன்மையாக இருந்துவிட்டாள்.

காலையில் தோட்டம் மாவு சலித்தாற்போல் வெளுத்திருந்தது. பெரணிக்கு அடியில் கன்றுகள் பச்சையாக இருந்தன. ஃப்ளெக்ஸை நிமிர்த்தக் குச்சி ஊன்ற வேண்டும் என்று அறிவியலாளருக்குத் தோன்றவில்லை. அது இலைமேலேயே படிந்து, குளிரைச் சிந்தாமல் சிதறாமல் இறக்கிவிட்டிருந்தது. பத்து மணி வெயிலில் அறுபத்திரண்டு கன்றுகள் வறுத்த தேயிலை நிறத்துக்கு வந்தன. ராமாத்தாள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஜோதிமணிக்குத் தோன்றியது.

வரப்பில் உட்கார்ந்து மேலிடத்துக்கு எழுதினாள்: ஜெகதளாவின் இந்தக் குளிர்காலக் கணக்கு முழுவதும் பெரணியின் கணக்கு; அறிக்கையைக் கிழித்துவிடவும்; தவறு பெட்டியுடையதல்ல, அது வைத்த இடத்திலேயே இருந்தது, நான்தான் அங்கே இல்லை. பிறகு கருத்தரங்கை ரத்து செய்தாள்.

எழுந்தபோது அழகையா தயங்கித் தயங்கி வந்தார். இனிமேல் பெட்டியைப் பனியில் அப்படியே விட்டுவிடுங்கள் என்றாள் ஜோதிமணி. அவர் முகம் சுருங்கியது.

"பாவமில்லீங்களா மேடம்?"

"பாவந்தான். இன்னிமே அது கூட நானும் நிக்கறேன். விடியக்கால அஞ்சு மணிக்கு வரட்டுங்களா?"

அஞ்சு மணிக்கு வருகிறவள் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், கருகின அறுபத்திரண்டும் மறுபடி துளிர்க்கிறதா பார்க்கக் கவாத்துப் பண்ண ஆள் வேண்டும் என்று ராமாத்தாள் கத்தியை நீட்டினாள். ஜோதிமணி வாங்கிக்கொண்டாள். எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரியவில்லை. கேட்டாள்.