நீல மூடி போட்ட வால்வு

சித்தியின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாமா தன் பழைய வெள்ளைக் காருக்கு நான்கு அலாய் வீல் வாங்கி வந்தார். மேட்டுப்பாளையத்தில் யாரோ கழற்றிப் போட்டவைதான். இருந்தாலும் குந்தா பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அது பெரிய செய்தி. தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாடகைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரில்தான் சித்தியைக் குன்னூர்க் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போவது என்று முடிவாகியிருந்தது. காருக்கு என்னைவிட வயது அதிகம். எனக்கு அப்போது எட்டு.

அந்த வீட்டில் எனக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. நல்ல காரியம் எது நடந்தாலும், தட்டு அடுக்குகிற நேரம் பார்த்துப் பெரியம்மா என்னைக் கூப்பிடுவாள். "நீ போயி வெளிய வெளையாடு கண்ணு" என்று கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்து அனுப்பிவிடுவாள். மற்ற பிள்ளைகள் பூத்தட்டையும் பழத்தட்டையும் தூக்கிக்கொண்டு கால் கடுக்க நிற்பார்கள். நான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து பிஸ்கட்டை ஓரத்திலிருந்து நக்கித் தின்பேன். நான் பிறந்த நான்காம் நாள் அப்பா இறந்துபோனார் என்பது எனக்குத் தெரியும். அம்மா நல்ல காரிய நேரங்களில் அடுப்படியைவிட்டு வெளியே வருவதில்லை என்பதும் தெரியும். இதற்கெல்லாம் என் பிஸ்கட் பாக்கெட்டோடு ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. பெரியம்மாவுக்கு என்மேல் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க எல்லோரும் கோயம்புத்தூர் கிளம்பிய அன்றும் வழக்கம்போல எனக்கு பிஸ்கட்தான். வண்டி ஓட்ட வேண்டிய மாமா மட்டும் போகவில்லை. வேறு வண்டியும் ஆளும் ஏற்பாடு செய்து அவர்களை அனுப்பிவிட்டு, வீல்களைக் காரில் ஏற்றினார். என்னையும் ஏற்றினார்.

"பொடவைய அவங்க எடுக்கட்டும். கல்யாண வண்டிக்கு நீ எடு" என்றார்.

குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு டயர் கடை. டயரை வீலில் ஏற்றுவதற்கு முன்னால் காற்றடிக்கிற வால்வைப் பொருத்த வேண்டுமாம். கடைக்காரர் ஒரு தினத்தாளை விரித்து இரண்டு வகையை வைத்தார். ஒன்று கறுப்பு ரப்பர், என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை, ரத்தம் குடித்து விழுந்த அட்டை மாதிரி இருந்தது. இன்னொன்று உலோகம். நீளமாக, பளபளவென்று, இடுப்பில் ஒரு நட்டும் தலையில் நீல மூடியுமாக நின்றது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நீல மூடியைத் தொட்டேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்கண்ணா, உங்களுக்குத் தெரியாததுங்களா? நம்ம ரோட்டுக்கு ரப்பருதானுங்க சரி. எங்கியாச்சும் இடிச்சாலும் வளஞ்சு குடுக்கும். இது வெளிய நீட்டிக்கிட்டு நிக்குமுங்க. அடிபட்டா முறிஞ்சே போயிரும்."

மாமா என்னைப் பார்த்தார். நீல மூடியைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்.

"புள்ள எடுத்ததையே போடுங்க" என்றார்.

காற்றடித்து முடித்ததும் கடைக்காரர் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். குமிழி வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். வரவில்லை. எனக்கு அந்த வித்தை மிகவும் பிடித்துப்போனது. திரும்பும் வழியில் மாமா, "கல்யாணம் முடியட்டும். இது யாரு எடுத்ததுன்னு எல்லாரு முன்னாடியும் நானே சொல்றேன். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்றார். அவ்வளவு பெரிய ரகசியத்தை நான் அதற்கு முன் சுமந்ததில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் நான்கு சக்கரத்துக்கும் எச்சில் சோதனை நடத்தினேன். கல்யாணத்தன்று விடியற்காலையில், பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதையே செய்தபோது பெரியம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அன்று ஆயிரம் வேலை. சீர்ப் பாத்திரம் வைக்க டிக்கியில் இடம் போதவில்லை என்று ஸ்டெப்னி டயரை எடுத்து வெளியே போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியம்மாவிடம் யார் ஜெயித்தார்கள்?

அம்மா சொந்தக்காரர்களோடு முன்னாலேயே வேனில் போய்விட்டாள். என்னையும் வேனில் ஏற்றத்தான் பெரியம்மா பார்த்தாள். மாமாவோ, நான் ஏறாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வால்வுகளுக்கு நான் பொறுப்பாளி அல்லவா, என்னை விட்டுவிட்டு எப்படிப் போவார் என்று நினைத்தேன். பின்சீட்டில் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். முன்னால், பெண்ணழைக்க வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை.

பாதி வழியில் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. மாமா இடதுபக்கம் ஒதுக்கினார். அங்கே ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிக் கல். 'ணங்' என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே 'புஸ்ஸ்' என்று நீளமாக இன்னொன்று. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தின் நீல மூடி இல்லை. அதற்குக் கீழே இருந்த பளபளப்பும் பாதிதான் இருந்தது. டயர் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னி வீட்டு வாசலில் கிடந்தது. செல்போனில் சிக்னல் இல்லை.

சித்தி அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பேசியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும். பெரியம்மா குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள காலையில இந்தச் சக்கரத்துக்கிட்டதான உக்காந்துக்கிட்டு இருந்துச்சு? கைய வச்சுச்சா இதுல?"

"அவள எதுக்குக்கா இழுக்குறீங்க?" என்றார் மாமா. அவர் அக்காவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "நான்தான் இத வாங்குனேன். கடைக்காரரு வேணாம்னாரு. பளபளன்னு இருக்கேன்னு நான்தான் ஆசப்பட்டுப் போட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! எல்லோர் முன்னாலும் சொல்வதாக வாக்குக் கொடுத்தவர், இதோ எல்லோரும் இருக்கும்போது என் வால்வைத் தன்னுடையது என்கிறார். "பொய்! நான்தான்..." என்று ஆரம்பித்தேன். மாமாவின் கை என் வாயைப் பொத்தியது. ரப்பர் வாடை அடித்தது. நான் திமிறினேன், அவர் விடவில்லை. அந்தக் கையைக் கடித்தேன். பல் பதிகிற அளவுக்குக் கடித்தேன். அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை.

நல்லவேளையாகப் பின்னாலேயே கொழுந்து லாரி ஒன்று வந்தது, குன்னூர்ப் பக்கத்து ஃபாக்டரிக்குப் பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு. மணப்பெண்ணும் மாப்பிள்ளையின் அத்தையும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெரியம்மாவும் நானும் கொழுந்து மூட்டைகள்மேல். மாமா காருக்குக் காவலாக ரோட்டிலேயே நின்றுவிட்டார். முகூர்த்தம் தாண்டுவதற்குள் தாலி ஏறிவிட்டது. 'கொழுந்து லாரியில வந்த கொழுந்து' என்று சித்தப்பா இன்றுவரை சித்தியைச் சீண்டுவார். அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மாமாவின் காருக்குத்தான் பெயர் கெட்டது. முகூர்த்தத்துக்கு ராசியில்லாத வண்டி என்று பெரியம்மா சொன்னது லயம் லயமாகப் பரவி, அதற்குப் பிறகு யாரும் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போக ஆரம்பித்தார். பின்சீட்டில் நானும் இருப்பேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பேசவே மாட்டேன். ஒரு பருவமழை முழுக்க அந்தக் கோபம் நீடித்தது.

போன வருடம் நான் வேலைக்குப் போக ஒரு பழைய கார் வாங்கினேன். அதிலும் அலாய் வீல். டயர் மாற்றப் போனபோது கடைக்காரர் எந்த வால்வு போடட்டும் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, மாமா என் பெயரைத் திருடிய பழைய கதையை அம்மாவிடம் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவன் என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டான்டி" என்றாள். "'கல்யாணம் நல்லபடியா முடியட்டும்கா, வண்டிக்கு எல்லாம் அவ கையால எடுத்ததுன்னு சபையில சொல்லப்போறேன். கைராசிக்காரப் புள்ளன்னு பேரு வந்துரும். அதுக்கப்புறம் அவள யாரு வெளிய போயி வெளையாடச் சொல்லுவாங்கன்னு பாப்போம்'னான்."

பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. அந்த வளைவில் மாமா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அல்லது நான் திறந்திருந்தால், இந்த ஜென்மம் முழுக்க நான் வெளியேதான் விளையாடிக்கொண்டிருப்பேன். அவருக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கு நன்றி என்ற சொல் போதாது என்று தெரியும். ஆனாலும் போன் செய்து சொன்னேன். அவர், "வால்வு என்ன போட்ட?" என்றார். கறுப்பு ரப்பர் என்றேன். "ஏன் கண்ணு, நீலம் இல்லைன்னுட்டாங்களா?" என்றார்.

கல்யாணப் போட்டோ ஒன்று சித்தி வீட்டில் மாட்டியிருக்கிறது. பந்தி முடிகிற நேரத்துக்குத்தான் மாமா மண்டபம் வந்து சேர்ந்தார். படத்தில் அவர் ஓரமாக நிற்கிறார், வலது கையில் கைக்குட்டை சுற்றியிருக்கிறது. கையில் என்ன என்று அம்மா கேட்டதற்கு, ஸ்பேனர் பட்டுவிட்டது என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு பொய், மத்தியானம் ஒரு பொய், இப்படியும் ஒரு மனிதரா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படத்திலும் அப்படியே திருப்பிக்கொண்டு நிற்கிறேன். அந்த இரண்டு பொய்யும் யாருக்காக என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.