குங்குமம் பட்ட பெட்டி

மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ஓட்டலில் ஒன்பது வருடம் ரூம் கூட்டிய பிறகுதான் என்னை ஒயின் ரூமுக்கு மாற்றினார்கள். முதல் நாளே மேனேஜர், "ஒரு வருசம் ஒழுங்கா பாத்துக்க, பர்மனன்ட் பண்ணிடறேன்" என்றார். அதற்காகத்தான் எல்லாம்.

ஐந்தாவது வரை படித்திருந்ததால் எண்கள் எழுதத் தெரியும். காலையும் மாலையும் ஏசி பதிமூன்று காட்டுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பாட்டில்களைப் படுத்தவாக்கிலேயே துடைக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

ஓரமாகப் பத்துப் பெட்டி தனியாக இருந்தது. அது குடிப்பதற்கு இல்லை என்று பார்மேன் தேசிங்கு சொன்னார். வெளிநாட்டில் ஒருத்தர் ஒவ்வொரு ஒயினையும் ருசி பார்த்து நூற்றுக்கு மார்க் போட்டுப் புத்தகமாக வெளியிடுவாராம். இதற்குத் தொண்ணூற்றாறு. அந்தப் புத்தகத்தைக் காட்டி மேனேஜர்தான் முதலாளியை வாங்க வைத்தாராம். சில வருடம் வைத்திருந்து, விலை ஏறியதும் பம்பாய் ஓட்டல்காரர்களுக்குத் தள்ளிவிடுவார்களாம்.

"நீ ருசி பாத்தியா தம்பி?" என்றேன்.

"நானா? மொதலாளியே பாக்கலக்கா. மார்க்கத்தான் பாத்தாரு."

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு டிரைவர் வேனுக்கும், சமையல்காரர் கத்திக்கும் பொட்டு வைத்தார்கள். என் சாமான் அந்தப் பாட்டில்கள்தானே. ஒரு பெட்டியைத் திறந்து பன்னிரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன், லேபிள் மேலேயே. மறுநாள் துடைத்தபோது சிவப்பு காகிதத்தில் ஊறியிருந்தது. மேனேஜர் பார்த்துச் சிரித்தார். "சாமி மார்க்கும் சேந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் புதுப் புத்தகம் வந்தது. தேசிங்கு அதை எடுத்துவந்து காட்டினார்.

"அக்கா, உன் சரக்கு பெயிலாயி கீது. அதே ஆளு திரும்பக் குடிச்சுப் பாத்து எம்பத்தாறுன்னு போட்டுக்கீறான்."

விலை பேசியிருந்த பம்பாய்க்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பாட்டிலுக்குள் இருந்தது அதேதான். ஏசியும் அதே பதிமூன்றுதான்.

முதலாளி சென்னையிலிருந்து வந்தார். மேனேஜர் அந்த ஒரு பெட்டியை மட்டும் இழுத்து வைத்தார். "லேபிளெல்லாம் குங்குமம் சார். இந்தம்மா வேலை. அதான் எவனும் எடுக்க மாட்டேன்றான்." மற்ற ஒன்பது பெட்டியிலும் ஒரு பொட்டு கிடையாது. அவற்றை யாரும் திறக்கவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் வச்சீங்களாம்மா?"

எண்பத்தாறு போட்ட புத்தகம் கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. "ஆமாங்கய்யா" என்றேன். அது உண்மையும்தானே.

மறுநாள் என்னைத் துணி துவைக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். பர்மனன்ட் பேச்சு அதோடு போயிற்று. கடைசி வரை ஆகவில்லை. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, பதவி உயர்ந்தது. பத்துப் பெட்டியையும் ஒரு கல்யாண விருந்தில் ஊற்றித் தீர்த்தார்கள். குடித்தவர்கள் பிரமாதம் என்றார்களாம். மேசை விரிப்புகளில் இருந்த கறையை நான்தான் கசக்கினேன்.

வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள்.