கைதட்டிப் பார்க்கிறவர்கள்

எங்கள் வீட்டில் நான் ஒரு நொடி சும்மா இருந்துவிடக் கூடாது. சோற்றைப் பிசைந்துகொண்டே எதையாவது யோசித்தால் போதும், அம்மா என் மூஞ்சிக்கு நேராகப் படாரென்று கைதட்டுவார்.

"இன்னாடா, கீறியா?"

"கீறேம்மா."

"மெய்யாலுமா?"

மெய்யாலும் இல்லாதவன் எப்படிப் பதில் சொல்வான்? இதைக் கேட்டால் அதற்கும் கோபம் வரும். போதாக்குறைக்குக் குப்பத்தில் இருக்கிறவர்களும் இதைப் பழகிக்கொண்டார்கள். டீக்கடையில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் எவனாவது ஒருவன் வந்து தட்டிவிட்டுப் போகிறான். ஒரு மனிதன் யோசிக்கவே கூடாதா? சே, என்ன பிழைப்பு இது!

காரணம் இல்லையென்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, பேசிக்கொண்டிருக்கிறவன் பேச்சோடு அப்படியே நின்றுவிடுவேனாம். கண் திறந்திருக்கும். இமை மட்டும் லேசாகப் படபடக்கும். கூப்பிட்டால் கேட்காது. சில நொடிகள்தான், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவேன். நடுவில் ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. கீழே விழவில்லை, கைகால் இழுக்கவில்லை, வாயில் நுரை தள்ளவில்லை. அதனால் இது வலிப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. வாத்தியார் திமிர் என்றார். அம்மா கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். நைனா, அதாவது என் அப்பா, சுத்த சோம்பேறி என்று முடித்துவிட்டார்.

அந்த நைனாவோடு ஒருநாள், ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் வலை இழுக்கும்போது, கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓடுகிற நேரம். படகு திரும்பி, கவிழப் போய் நிமிர்ந்ததாம். நைனா தொண்டை கிழியக் கத்தினாராம். எல்லாமே அடுத்தவர் சொன்ன 'ஆம்'தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கயிறு, அடுத்த கணம் நைனாவின் வெளிறிய முகம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போனோம். தலை முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னார்கள். விட்டுக்கொண்டே இருந்தேன். "இன்னும் விடணுமா?" என்று கேட்டால், "வேணாம், நடுவுல வந்துட்டுப் போயிடுச்சு" என்கிறார் வயர் ஒட்டிய நர்ஸம்மா. எப்போது வந்தது, எப்போது போனது? பக்கத்தில் நின்ற நைனா பார்த்துவிட்டார். என் தலைக்குள் நடப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்க முடியாது. இது என்ன நியாயம்?

டாக்டர் திரையில் காட்டினார். முதலில் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் அதனதன் போக்கில் நெளிந்தன. திடீரென்று மேலிருந்து கீழ்வரை எல்லாமே ஒன்றாக எகிறிக் குதித்தன. அந்த நேரம் மூளை அணைந்துவிடுவதில்லையாம். மற்ற நேரத்தில் அதன் பகுதிகள் தனித்தனியாக வேலை பார்த்துக்கொண்டு ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும். அந்தச் சில நொடிகளில் உள்ளே ஆழத்தில் இருக்கிற பகுதியும் மேல் பகுதியும் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கவனித்துக்கொள்கிற பகுதிகளால் அப்போது தங்கள் வேலையைப் பார்க்க முடியாது.

"வலை இழுக்கசொல்ல எல்லாரும் ஒரே கொரலா ஏலேலோ போடுவோமே, அந்த மாதிரியா சார்?" என்றார் நைனா.

"அதேதான். ஆனா கையில வலை இல்லை" என்றார் டாக்டர்.

மாத்திரை தந்தார். கொஞ்ச காலத்தில் அது நின்றும்விட்டது. நின்றது அதுதான், கைதட்டல் நிற்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பாடு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற முறையை நாங்கள் பாடு என்போம். அதில் பங்கு கிடைத்தால்தான் எங்கள் குப்பத்தில் ஒருவன் ஆம்பிளைக் கணக்கு. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். காலையிலேயே ஊற்றிக்கொண்டு படகில் குறட்டை விடுகிறவனுக்கும் பாடு உண்டு. எனக்கு மட்டும் இல்லை. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் நான் மாத்திரை வரிசையில் நிற்பேன், நைனா டாக்டரிடம் பேசிவிட்டு வருவார். "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்னாரு" என்பார். எப்போது கேட்டாலும் அதே பாட்டு. பொறுத்துப் பார்த்து அலுத்துப்போய், இந்தத் தடவை ஊர்க் கூட்டத்தில் நானே எழுந்து கேட்டுவிட்டேன்.

தலைவர் தாடையைச் சொறிந்தார். "நடு ஏரில உனுக்கு வந்துட்ச்சின்னா, கூட வர்றவன் கதி இன்னாடா?"

சுருக்கென்றது. வாய் வரைக்கும் வந்ததைச் சொல்லியிருந்தால் ஊரை விட்டே தள்ளி வைத்திருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே இருந்த கொடிக்கம்பத்தையே முறைத்தேன்.

"போச்சு, வந்துட்ச்சி!" என்றது ஒரு குரல்.

ஒருவன் கைதட்டினான். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. தட்டுங்கடா, நன்றாகத் தட்டுங்கள் என்று அசையாமல் நின்றேன். அவ்வளவுதான், நான் அங்கே இல்லை என்று கூட்டமே முடிவு கட்டிவிட்டது. ஒருவர் பாவம் என்றார். எல்லோரும் பாவம் என்றார்கள். "காட்டுப்பள்ளி ஹார்பர் பக்கம் வாச்மேன் வேலைக்கி அனுப்பலாம்" என்றார் பெரியப்பா. "அதுக்கும் முழிச்சிகினு இருக்கணுமே" என்றான் ஒருவன். கூட்டம் மொத்தமும் சிரித்தது.

தலைவர் நைனாவிடம் திரும்பினார். "இப்ப அவன் காதுல வுழாது. உன் மன்சுல இன்னா கீது, சொல்லு."

நைனா துண்டைப் பிசைந்தார். "டாக்டரு எப்பவோ போலாம்னுட்டாரு. தனியா மட்டும் உடாத, மாத்திரைய நிறுத்தாத, அவ்ளோதான்னாரு. நான்தான் இவன்கிட்ட சொல்லல."

"ஏம்பா?"

"அன்னிக்கி முகத்துவாரத்துல இவன் கண்ணு தொறந்துகினு இருந்துச்சி தலைவரே. என்னியதான் பாத்துச்சி. ஆனா புள்ள அதுல இல்ல. அத்த நான் இன்னொரு வாட்டி பாக்க மாட்டேன். என்னால ஆவாது."

வீணாய்ப் போன வருஷங்களை நினைத்தால் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் குரலைக் கேட்டால் அழுகையும் வந்தது. பேசாமல் நின்றால் பாடு போய்விடும். பேசினால், நைனா சொன்னதை நான் கேட்டுவிட்டது தெரிந்து ஊருக்கு நடுவில் அவர் மானம் போகும். ஆனாலும் பேசினேன்.

"கீறேன் தலைவரே. எல்லாம் காதுல வுழுந்துச்சி." பெரியப்பா சொன்னது, அடுத்தவன் சொன்னது, யார் முதலில் சிரித்தது என்று வரிசையாக ஒப்பித்தேன். நைனா சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். "வந்துருந்தா இதுல ஒரு வார்த்தகூட எனுக்குத் தெரிஞ்சிருக்காது."

பெரியப்பா செருப்பைத் தேடினார்.

"சரி, பாடு தர்றோம். படகுல இவன்கூட யாரு போறது?" என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பாவம் என்று சொன்னவர்களும்தான். கடைசியில் நைனாதான் எழுந்தார்.

"நான் போறேன்."

எங்கள் முறை வந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இடம் விழுந்திருந்தது. நான் வலைக் கழியை ஊன்றினேன். நைனா கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அன்று படகு திரும்பிய இடத்தையே பார்த்து நின்றார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். பிறகு அவர் மூஞ்சிக்கு நேராகப் படாரென்று கைதட்டினேன்.

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கீறேன்டா சனியனே. கயித்தப் புடி."