ராகி மில் நின்ற அரைமணி

போன வாரச் சந்தை நாள். என் டிரான்சிஸ்டரை ரிப்பேருக்குக் கொடுக்கக் காரிமங்கலத்தில் கரீம் பாய் கடைக்குப் போனேன். பாய் நிமிர்ந்தே பார்க்கவில்லை. காதில் ஹெட்போன், கையில் பென்சில், நெற்றியெல்லாம் வியர்வை.

பாயிடம் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உண்டு. எந்தெந்த நாட்டுக்காரர்களுடனோ பேசுவார். அன்று பேசவில்லை... கேட்டுக்கொண்டிருந்தார். பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவரும் பந்தயமாம். அதில் ஒருவருக்கு நடுக்கடலில் பாய்மரம் முறிந்து, படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. தான் இருக்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கிட்டத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. காரிமங்கலத்தில் கேட்கிறது. சிற்றலை ரேடியோவின் குணம் அப்படி; கிட்டத்தைத் தாண்டித் தூரத்தில் போய் விழும்.

அதுவும் பாதிதான் கேட்டது. மீதியைப் பக்கத்து ராகி மில்லின் மோட்டார் ஹெட்போனுக்குள் கிளப்பிய கரகரப்பு விழுங்கிவிட்டது.

"நம்பர் பாதிதாங்க வருது. அவரு பேட்டரி வேற இறங்குதாம். ஓடிப்போயி மில்ல நிறுத்தச் சொல்லுங்க" என்றார் பாய்.

ஓடினேன். பாய் ரேடியோ கேட்கிறார், கொஞ்சம் மில்லை நிறுத்துங்கள் என்றேன். மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிரிக்கெட் ஸ்கோரு கேக்கறதுக்கு மில்ல நிறுத்தணுங்களா? சந்தை நாளுங்க."

வரிசையில் இருபது பெண்கள்.

"ஸ்கோர் இல்லீங்க... கடல்ல ஒருத்தர் முழுகிட்டிருக்காரு."

வரிசையில் முதலில் நின்ற அம்மா கேட்டார்: "ஒத்தையாவா?"

"ஆமாங்க."

"அப்ப நிறுத்துங்கண்ணா. ராகி எங்க ஓடிப்போவுது?"

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் முதல் ஆளே விட்டுக்கொடுத்த பிறகு யார் என்ன சொல்வது?

மில் நின்றது. பாய் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மூன்று தடவை கேட்ட எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகே மைக்கை எடுத்து, பந்தயக்காரர்களோடு தொடர்பில் இருந்த இன்னொரு ஸ்டேஷனுக்குச் சொன்னார். கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. அதற்குள் கடலில் இருந்தவரின் குரல் அறுந்துவிட்டது. அதற்கப்புறம் வரவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் தகவல் வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த இன்னொரு போட்டியாளர் அந்த எண்களை வைத்துப் படகைத் திருப்பிக்கொண்டு வந்து அவரை ஏற்றிக்கொண்டாராம். திரும்பியவருக்குப் பந்தயம் போச்சு. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேப்பரில் ஜெயித்தவர் படம்தான் வரும். ஆனால் யாராவது திரும்பி வருவார்கள் என்ற தைரியத்தில்தானே எல்லோரும் கிளம்புகிறார்கள்?

நேற்று சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"அந்த ஆளு கரை சேந்துட்டாருங்களா?"

இன்னொரு படகுக்காரர் ஏற்றிக்கொண்டார், பிழைத்துவிட்டார் என்றேன். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது — அந்த அம்மாவின் ஊருக்கு நாலு மணிக்கு ஒரே ஒரு பஸ். அன்றைக்கு மில் நின்ற அரைமணியில் அது போய்விட்டதாம். தலையில் மாவு மூட்டையோடு ஊர் வரைக்கும் நடை.

"ரொம்பச் சிரமமாப் போச்சுங்களே" என்றேன், குற்றவாளி போல.

"என்னங்க சிரமம்... எனக்குக் கால் வெக்கத் தரை இருந்துச்சுங்களே."