மொய் வேறு, கூலி வேறு

அன்று ஞாயிற்றுக்கிழமை. செங்கம் சாலையில் ஒரு வீட்டில் வளைகாப்பு. நான் கேமராவும் கையுமாக நின்றிருந்தேன். பைக்குள் கைப்பேசி அதிர்ந்தபடியே இருந்தது. சடங்கு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாரும் பந்திக்கு நகர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், நம் புகைப்படக் குழுவில் புவனாவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. ஞாயிறு காலையில் அவள் அனுப்புவது பெரும்பாலும் யாரையாவது கிண்டல் செய்யும் படமாகத்தான் இருக்கும். சிரிக்கத் தயாராகத்தான் திறந்தேன். எழுதியிருந்தது அவள் கணவர் சேகர். மாடியில் துணி காயப்போடப் போனவள் மயங்கி விழுந்துவிட்டாளாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

நான் உடனே கிளம்பவில்லை. பந்திப் படங்களையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் போனேன். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால், அந்தக் கோலத்திலும் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பாள்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். புவனாவும் நானும் வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். அவள் கணக்குப் பிரிவு, நான் தமிழாசிரியை. ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு பேருக்கும் கேமரா பைத்தியம். பள்ளி ஆண்டு விழாவில் ஆரம்பித்தது, தெரிந்தவர்கள் வீட்டு விசேஷம் வரைக்கும் வந்து நின்றது. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் படம் எடுப்பவர் பெண்ணாக இருந்தால் தேவலை என்று நினைக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. அதனால் வேலைக்குப் பஞ்சமே இல்லை. காசுதான் வரவில்லை. என்னைச் சொல்கிறேன். அவளுக்கு வந்தது.

எனக்குக் கேட்க வராது. "எவ்வளவுங்க?" என்றால் "பார்த்துக் குடுங்க" என்பேன். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒரு ரவிக்கைத் துணி, ஒரு தாம்பூலப் பை. ஒருமுறை என் சித்தி வீட்டுக் காதுகுத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடி ஓடி எடுத்தேன். கிளம்பும்போது சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மொய்யெல்லாம் வைக்காதடி. அதான் போட்டோ எடுத்துட்டியே, அதையே மொய்யா வச்சுக்கறோம்" என்றார். எனக்குப் பெரிய சலுகை கொடுத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "இந்தக் கேமராவை வித்துடு. உனக்கு இது சரிப்பட்டு வராது" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் புவனாவிடம் சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். "விக்கப்போறியா? செஞ்ச வேலைக்கே விலை சொல்லத் தெரியல. கேமராவை மட்டும் எப்படிப் பேசி விப்ப? அதையும் பார்த்துக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுவ." எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அடுத்த விசேஷத்துக்கு என்கூட வா, அப்புறம் முடிவு பண்ணு" என்றாள்.

அது அவளுடைய உறவுக்காரர் வீடு. உள்ளே நுழைந்தவள் கேமராவை எடுக்கவேயில்லை. நேராக மொய் எழுதுகிற இடத்துக்குப் போனாள். பெயரைச் சத்தமாகச் சொல்லி மொய் எழுதவைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் பையைத் திறந்தாள். "விருந்தாளியா வந்ததுக்கு உண்டானது முடிஞ்சுபோச்சு. இனிமே நான் வேலை செய்ய வந்தவ. மொய் வேற, கூலி வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினா உறவும் கெடும், போட்டோவும் கெடும்" என்றாள். மாலையில் கூலியைக் கேட்டாள். கொடுத்தார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. "சாப்பிட்டுட்டுப் போம்மா" என்று இலை வேறு போட்டார்கள்.

சரி, எவ்வளவு கேட்பது? அதற்கு அவள் செய்த வேலையை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. பெரிய தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரஹீம் பாயிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "பாய், வளைகாப்புக்கு நீங்க எவ்வளவு வாங்கறீங்க? உங்களைவிட ரொம்பக் கம்மியா நாங்க கேட்டுடக் கூடாது, அதுக்குத்தான் கேக்கறோம்" என்றாள். பாய் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். "இப்படி யாரும் வந்து கேட்டதில்லம்மா. ஆளாளுக்கு ஒரு கேமரா வாங்கிக்கினு, பாதி ரேட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறாங்க" என்று சொல்லி டீ வரவழைத்தார். அவர் சொன்ன தொகையிலிருந்து, அவரிடம் இருக்கிற, எங்களிடம் இல்லாத உதவியாள், இரண்டாவது கேமரா, ஆல்பம் எல்லாவற்றையும் கழித்தாள். மிச்சம்தான் எங்கள் கூலி.

"நமக்கு மாசாமாசம் சம்பளம் வருது. அவருக்கு இதுதான் சோறு. நாம ஆசைக்கு எடுக்கறோம்னு அவர் வயித்துல அடிக்கக் கூடாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்யாணம் என்று யாராவது வந்தால் பாயிடமே அனுப்பிவிடுவாள். "தாலி கட்டற நேரத்துல என் பேட்டரி செத்துச்சுன்னா என்ன பண்றது? இன்னொரு தடவை கட்டுங்கன்னா கட்டுவாங்களா?" என்பாள்.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, பின்னால் மலை தெரிகிற மாதிரி தன்னைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். தன் விருப்பம்போல் தருவதாகவும் சொன்னார். இரண்டு மடங்காவது தேறும் என்று நான் மனக்கணக்குப் போட்டுவிட்டேன். புவனாவோ வளைகாப்பு வீட்டில் சொல்கிற அதே கூலியைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். வெளியே வந்ததும், "ஜாஸ்தியாவே குடுத்திருப்பாங்கடி" என்று முணுமுணுத்தேன். "குடுத்திருப்பாங்க. இஷ்டத்துக்குப் போட நான் என்ன உண்டியலா? ஆளைப் பார்த்து ஏத்தறதும் தப்பு, ஆளைப் பார்த்து இறக்கறதும் தப்பு" என்றாள்.

இறக்குவதில்லை என்பதில் அவள் பிடித்த பிடிவாதம் கொஞ்சம் அதிகம்தான். சொந்த நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டுக்கும் மொய் வைத்துவிட்டு முழுக் கூலியையும் கேட்டாள். நாத்தனார் பணத்தைக் கொடுத்தார், அத்தோடு பேச்சை நிறுத்தினார். நல்லது கெட்டதில் முகம் பார்ப்பதோடு சரி. விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்வேன். அவளுக்கும் உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. ஆனால் என்னிடம் சொன்னது வேறு. "இவங்களுக்குச் சும்மா எடுத்தா, நாளைக்கு உன் சித்திகிட்ட நீ எப்படிடி கேப்ப?"

அதே கண்டிப்பு தன்மேலும் உண்டு. ஒரு வளைகாப்பில் கார்டு கெட்டுப்போய்ப் பாதிப் படங்கள் அழிந்துவிட்டன. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. இவளே போய்ச் சொல்லி, வாங்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணை மறுபடி அதே புடவையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, உட்காரவைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். காசு வாங்கியவள் சாக்குச் சொல்லக் கூடாது என்பாள்.

நான் கேமராவை விற்கவில்லை. ஆனால் முழுசாகத் தேறவும் இல்லை. அவள் பக்கத்தில் நின்றால் கூலி கேட்பேன். தனியாகப் போனால் நாக்கு பழையபடி "பார்த்துக் குடுங்க" என்று புரண்டுவிடும். அவள் போன செய்தி வந்த அன்றுகூட, அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று சேகர் கேட்டார். ஊரையே படம் எடுத்தவளுக்கு வீட்டில் ஒழுங்காக ஒரு படம் இல்லை. என்னிடம் இருந்தது. ஏதோ ஒரு காதுகுத்தில், அழுத குழந்தைக்குக் கன்னத்தை உப்பிக் காட்டி, அது சிரித்ததும் தானும் சிரித்துவிட்ட புவனா. பின்னால் இருந்த தலைகளையும் பந்தல் துணியையும் நீக்கி, பாயிடம் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டேன். அந்த வேலை முடிகிறவரை அழுதுகொண்டேதான் இருந்தேன்.

காரியத்தன்று கூடம் நிறைய ஆட்கள். படத்தை வாங்கி வைத்துவிட்டு சேகர் என்னிடம் வந்தார். "எவ்வளவுங்க கலா?" பக்கத்தில் அவள் நாத்தனார் நின்றிருந்தார். "அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க" என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சும்மா கொடுப்பது சுலபம். எல்லாரும் மெச்சவும் செய்வார்கள். ஆனால் அப்படிக் கொடுத்துவிட்டால், எனக்காக அவள் இத்தனை காலம் அடித்துக்கொண்டதெல்லாம் அவளோடு சேர்ந்து போய்விடும் என்று தோன்றியது. அந்த அளவுப் படத்துக்கு நாங்கள் வாங்கும் தொகையைச் சொன்னேன். ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. அவள் பக்கத்தில் இல்லாமல் நான் கேட்ட முதல் முழுக் கூலி அது.

கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"குடுத்துடு சேகரு" என்றார் நாத்தனார். "அவ இருந்தா இதைத்தான் கேட்டிருப்பா." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்தப் பணத்தை நான் செலவு செய்துவிட்டேன். மாதச் சாமானுக்குத்தான். நினைவாக ஒரு நோட்டைக்கூட எடுத்துவைக்கவில்லை, அது அவளுக்குப் பிடிக்காது. புவனாவால் என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். இப்போது யாராவது "எவ்வளவுங்க?" என்று கேட்டால், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.